மழைக்கு முன் ஃப்ரீசர் பெட்டி

வாடிக்கையாளர் வாயைத் திறந்து குறை சொல்லாத தொழில் இது ஒன்றுதான் என்று சொல்லித்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டார்கள். உள்ளே படுத்திருப்பவர் சொல்வதில்லை என்பது உண்மை. அவருக்கும் சேர்த்துச் சுற்றி நிற்பவர்கள் சொல்வார்கள். "சில்லுனே இல்லியே." "சத்தம் ஓவரா இருக்குது." "எங்க சித்தப்பாவுக்கு வந்த பெட்டி இதைவிடப் பெருசா இருந்துச்சே." சித்தப்பா பெரியவராக இருந்திருப்பார் என்று நான் பதில் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

மரக்காணத்தில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விட்டு, அதை நானே பழுதும் பார்த்து, தலை நரைத்து ஓய்ந்தவன் நான். இப்போது இந்தத் தொழிலுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். கேஸ் அடிப்பதையும் கம்ப்ரசர் மாற்றுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். நான் சொல்ல நினைப்பது மழைக்காலத்தைப் பற்றி மட்டும்தான்.

ஐப்பசி பிறந்தால் ஜூஸ் கடைக்காரர் தன் ஃப்ரிட்ஜை நிறுத்திச் சாக்குப் போட்டு மூடிவிடுகிறார். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் வேறு பிழைப்பைப் பார்க்கப் போகிறார். குளிர்காலத்தில் யாருக்குக் குளிர் வேண்டும்? நம் பெட்டிக்குத்தான் அந்த மாதங்களில் ஓய்வே கிடையாது. பனி வயசானவர்களுக்கு ஆகாது. அதற்குமேல் இதை விளக்க நான் விரும்பவில்லை.

அதுவும் நம்முடையது வெட்டவெளியில் ஓடுகிற இயந்திரம். நம் பக்கத்து வீடுகளில் இந்தப் பெட்டி வாசற்படியைத் தாண்டாது. தாண்டினாலும் உள்ளே திருப்ப இடமிருக்காது. ஆகவே தெருவில், ஒரு துணிப்பந்தலின் கீழே, தாரை தப்பட்டைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவில் அது ஓட வேண்டும். போதாததற்கு உப்புக் காற்று. புதுசாக வாங்கிப் போட்ட கண்டென்சர்கூட சில மழை பார்த்ததும் அப்பளம் மாதிரி உதிர ஆரம்பிக்கும்.

புரட்டாசி முடிவதற்குள் பெட்டியை வெளியே இழுத்து நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி வெயிலில் காயவையுங்கள். மூடி ரப்பரை மாற்றுங்கள். எர்த் கம்பியை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். இடையில் ஒட்டுப்போட்ட ஒயரை வெட்டி எறியுங்கள். பெட்டியின் கால்களுக்கு அடியில் வைக்கக் காய்ந்த பலகை எடுத்துப் போங்கள், ஏனென்றால் உப்பளத்தை ஒட்டிய ஈரமண்ணில் கரண்ட் நம்மைவிடச் சுலபமாக நடக்கும். கரண்ட் கசிந்தால் தானாகவே அணைத்துவிடும் ட்ரிப்பர் ஒன்றை ஒயரில் மாட்டாமல் பெட்டியை வண்டியில் ஏற்றாதீர்கள். இவ்வளவும் செய்தால் பெட்டி மழைக்குத் தயார். ஊர் ஜனத்துக்குத் தயாரா என்பது வேறு கேள்வி. ஒரு வீட்டில், காற்றுப் போகிற க்ரில் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, ஊதுபத்தி செருகத்தான் கம்பெனிக்காரன் விட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி, ஒரு கட்டு முழுவதையும் காலி செய்திருந்தார்கள். காற்றாடி சாம்பலை முழுக்க உள்ளே இழுத்திருந்தது. பெட்டி நின்றுபோனாலும் மணமாக இருந்தது.

பச்சையம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பச்சையம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் உப்பை வாரி, கூடையில் சுமந்து, குவியலில் கொட்டுகிற வேலை. வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து படுக்கையில் விழும்வரை அதே வேலைதான். மகள் கோமதியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார். மகன் குமரேசன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். செய்தி போனதும் முதலாளி காலைப் பிடித்து லீவு வாங்கிவிட்டான். மறுநாள் மத்தியானம் சென்னையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். அதுவரை அவன் அம்மாவின் முகம் முகமாக இருக்க வேண்டும். பெட்டி வந்தது அதற்காகத்தான்.

எப்போது எடுப்பது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி, பச்சையம்மாவின் அண்ணன் தனக்கோட்டி.

"மழை புடிக்கப் போவுதுன்னு டிவியில சொல்லிட்டான். காலையிலேயே எடுத்துடலாம். கொள்ளிய மருமவன் வெச்சிக்கட்டும். இருக்கறவங்க பொழப்பையும் பாக்கணும்ல?"

இன்னொரு கட்சி கோமதி.

"எந்தம்பி வந்து மூஞ்சப் பாக்கற வரைக்கும் எங்கம்மா இந்த வாசல விட்டு நவுராது மாமா. பெட்டி எதுக்கு வெச்சிருக்குது?"

பெட்டி ஓடுகிறவரை கோமதி கட்சிதான் ஜெயிக்கும், நின்றால் மாமன் கட்சி. இது எனக்குப் பெட்டியை இறக்கும்போதே புரிந்துவிட்டது. பலகை வைத்தேன், ட்ரிப்பரோடு இணைப்புக் கொடுத்தேன், ஒயரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பொதுவாக எல்லோரிடமும் சொன்னேன். பொதுவாகச் சொன்னால் யாரும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் மழை பிடித்தது. மழை மட்டும் வந்திருந்தால் பெட்டி தாங்கியிருக்கும். மழையோடு மருமகனும் வந்தார்.

கோமதியின் கணவர் ஏழுமலை உப்பளத்து ஆள். மழை வருகிறதென்றால் உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிற்றை இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் மணல் மூட்டையை அணைத்துவிடுவார்கள். தண்ணீர் புகுந்தால் பருவம் முழுக்கப் பட்ட பாடு கரைந்து ஓடிவிடும். அந்த வேலையில் ஏழுமலைக்கு நல்ல பெயர். அன்றைக்குப் பந்தல் ஒழுக ஆரம்பித்ததும் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். உப்புக் குவியலை மூடுகிற அதே சுத்தத்தோடு, அதே முடிச்சோடு, ஓடிக்கொண்டிருந்த பெட்டியை மூடிக் கட்டிவிட்டார். தலைமாட்டில் முகம் தெரிய மட்டும் ஒரு மடிப்பு விட்டிருந்தார். காற்று போக இடமே இல்லை. உள்ளே சூடு ஏறி, அந்தச் சூட்டில் தார்ப்பாய்க்கடியில் வியர்த்து, வியர்த்த தண்ணீர் ஒயர் இணைப்பில் சொட்டியது. ட்ரிப்பர் தன் கடமையைச் செய்து அணைந்தது. அவர் மறுபடி போட்டார், அது மறுபடி அணைந்தது.

மத்தியானம்தான் ஏழுமலையிடமிருந்து எனக்குப் போன் வந்தது. கெட்ட செய்தியை அவ்வளவு உற்சாகமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"அண்ணே, ஒன்னும் பிரச்சன இல்ல. ஒயர்ல ஒரு சின்ன டப்பா மாட்டியிருந்தீங்க பாருங்க, அது கெட்டுப்போச்சு. சும்மா சும்மா ஆஃப் ஆயிக்கினே இருந்துச்சு. அதக் கழட்டி வெச்சிட்டு டைரக்டா குடுத்துட்டேன். இப்ப சூப்பரா ஓடுது."

"டைரக்டான்னா எப்படிப்பா?"

"பக்கத்து வூட்டு பிளக்கில ஒயர சொருகி, ரெண்டு தீக்குச்சி வெச்சு டைட் பண்ணிட்டேண்ணே."

நான் சட்டைகூட மாற்றவில்லை. மழையில் வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் கூட்டம் இருந்தது, ஆனால் பெட்டியைச் சுற்றி ஒருவரும் இல்லை. நம் ஊரில் இது நடக்காத காரியம். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவதற்குத்தான் வருவார்கள். பார்த்தால், கோமதி பெட்டிக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். கிட்டே வருகிறவர்களை ஒரு கம்பை நீட்டித் துரத்துகிறாள்.

"யாரும் தொடாதீங்க. தள்ளி நின்னு அழுங்க."

"பெத்த பொண்ணே இப்படிப் பண்ணா எப்படிடி?" என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அவள் காலை ஏன் தூக்கி வைத்திருக்கிறாள் என்பதுதான் கண்ணில் பட்டது. பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த பெட்டியின் ஓரத்தில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

கோமதி மெதுவாகச் சொன்னாள். "தெரியும்ணே. காலையிலயே அம்மா மேல சாஞ்சப்ப என்னைத் தூக்கி அடிச்சிடுச்சு."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. நிறுத்தினா மாமா எடுத்துடுவாரு. தம்பி ஏர்போர்ட்ல எறங்கிட்டான்ணே, இப்பதான் வாய்ஸ் அனுப்பிச்சான். அவன் வர்ற வரைக்கும் நான் யாரையும் கிட்ட வுடமாட்டேன். நீங்க ஒன்னும் பாக்காத மாதிரி போயிடுங்க."

தம்பிகளே, ஒரு நிமிடம் இங்கே நில்லுங்கள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவரை கம்பு நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஆனால் தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பலகை மூழ்கும் நேரம் வந்துவிட்டால் கம்பால் தண்ணீரைத் துரத்த முடியாது. இப்படியான இடத்தில் யார் அழுகிறார்கள் என்று பார்க்காதீர்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

"செத்தவங்களப் பாக்க வந்தவங்களும் செத்துட்டா, அவங்களுக்கும் நான்தாம்மா பெட்டி கொண்டாரணும். எங்கிட்ட ஒன்னுதான் இருக்குது" என்றேன்.

பக்கத்து வீட்டுக்குப் போய் மெயினை அணைத்து ஒயரைப் பிடுங்கினேன். தீக்குச்சிகளை ஏழுமலையிடமே திருப்பிக் கொடுத்தேன். பெட்டியின் சத்தம் நின்றது. அதுவரை அந்தச் சத்தம் ஓவராக இருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தனக்கோட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப அவ்ளோதான். ஆளுங்கள வரச் சொல்லுப்பா, எடுத்துடலாம்."

கோமதி என்னைப் பார்த்துக் கத்தினாள். "உங்களுக்கு என்னாண்ணே? பெட்டியத் தூக்கிக்கினு போயிடுவீங்க. எந்தம்பி வந்து யார் மூஞ்சப் பாப்பான்?"

உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் இந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். இணைப்பைத் திறந்து, துடைத்து, அடுப்பு அனலில் காட்டி, அரைமணியில் ஓட்டிக் காட்டிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் கை துறுதுறுத்தது. கொட்டுகிற மழையில், நனைந்த பந்தலில், அழுகிற ஜனத்தின் நடுவில் திறந்த ஒயரை நான் நம்பவில்லை. இயந்திரம் போனால் போகட்டும், நமக்கு வேண்டியது குளிர். அது ஓடித்தான் வர வேண்டும் என்று சட்டமில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் பெட்டி வெறும் பெட்டியாகவே குளிரைப் பிடித்துவைக்கும். கூடக் கொஞ்சம் குளிரை நாம் உள்ளே வைத்தால் போதும்.

தனக்கோட்டியிடம் போய்ச் சொன்னேன். "பொழுது சாயற வரைக்கும் முகம் மாறாம பாத்துக்கறது என் பொறுப்பு. நாளைக்கு வரைக்கும்னு கேட்டா என்னால ஆவாது."

அவர் மேற்கே வானத்தைப் பார்த்தார். "பொழுது சாஞ்சா நான் யாரையும் கேக்க மாட்டேன்" என்றார். இதைப் போன்ற மனிதர்களிடம் 'கவலைப்படாதீங்க' என்று சொல்லிவிடாதீர்கள். எதுவரை தாங்கும் என்று எல்லையைச் சொன்னால்தான் நம்புவார்கள்.

மழையால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஆகவே குப்பத்து ஐஸ் கடையில் ஐஸ்பார் வாங்க ஆளில்லாமல் அடுக்கிக் கிடந்தது. ஏழுமலையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். செய்து கெடுத்தவருக்கு உடனே ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் இன்னொன்றைச் செய்வார். உடைத்த ஐஸைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டு திரும்பியதும் தனக்கோட்டி மறித்தார்.

"என்னாய்யா இது? மீனுக்குப் போடற ஐஸு. எந்தங்கச்சிய மீன் மாதிரி வெப்பீங்களா?"

பந்தலில் பலர் தலையாட்டினார்கள். மீனுக்கும் போடுகிற ஐஸ்தான் அது. கோமதி நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஆமா மாமா, மீனு ஐஸுதான். எங்கம்மா ஆயுசுக்கும் உப்பளத்து வெயில்ல வெந்துச்சே, அப்ப ஒரு கொட புடிச்சீங்களா? ஒரு நாளு ஐஸுல கெடந்தா ஒன்னும் கொறஞ்சிடாது. வழிய வுடுங்க."

அவர் வழியை விட்டார்.

தார்ப்பாயை அவிழ்த்து, ஐஸ் பைகளை உள்ளே வைக்கும்போது ஏழுமலை ஓடிப்போய் ஒரு கூடை உப்பு கொண்டுவந்தார். "இதப் போட்டா இன்னும் ஜில்லுனு ஆவும்ணே." உப்பளத்தில் பிறந்தவர்களுக்கு எதற்கும் மருந்து உப்புதான். அவர் சொன்னது பொய்யில்லை. உப்புப் பட்ட ஐஸ் அதிகமாகக் குளிரும். அதைவிட வேகமாகக் கரைந்தும் போகும். நமக்கு வேண்டியது சாயங்காலம் வரை நிற்கிற குளிர். கூடையை அவரிடமே கொடுத்து, தெருத் தண்ணீர் பந்தலுக்குள் வராமல் மணல் மூட்டையால் அணை போடச் சொன்னேன். அதை அவர் அருமையாகச் செய்தார்.

கழுத்துக்கும் தோளுக்கும் பக்கத்தில், வயிற்றின் மேல், இரண்டு விலாவிலும் பைகளை வைத்து, முகத்தில் ஐஸ் படாமல் துண்டு மடித்துக் கொடுத்து, மூடியை இறக்கி ஓரம் முழுக்க டேப் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. யாரையும் திறக்க விடக்கூடாது. ஒவ்வொரு முறை திறப்பதும் சாயங்காலத்திலிருந்து கொஞ்சத்தை எடுத்துக் கொடுப்பது மாதிரி. கண்ணாடி மூடி பனி பூத்து முகம் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு முறை என்று கேட்டார்கள். பெரிய முதலியார்சாவடியிலிருந்து வந்த ஒரு அம்மாள், பச்சையம்மாவோடு கல்யாணமான புதிதில் உப்பு வாரியவராம், மழையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"ஒரு தபா கன்னத்தத் தொட்டுப் பாத்துக்கறேன்பா."

"பையன் வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தாம்மா."

"நீ நல்லா இருப்பியா?" என்று மண்ணை வாரித் தூற்றினார். மண் ஈரமாக இருந்ததால் என் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டது.

கோமதி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள், இப்போது காலைத் தரையில் வைத்து. கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, தம்பியின் குரல் செய்திகளைப் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி கிடைத்துவிட்டது. வழியில் மரம் விழுந்திருக்கிறது. சுற்றிக்கொண்டு வருகிறார்கள். ரோட்டில் தண்ணீர், இறங்கி நடக்கிறேன். ஒவ்வொரு செய்திக்கும் தனக்கோட்டி மேற்கே பார்த்தார். மேகத்தில் சூரியன் எங்கே இருக்கிறதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அது எங்களுக்கு உதவியாகத்தான் இருந்தது.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது குமரேசன் தெருமுனையில் வந்தான். முழங்கால்வரை சேறு, தோளில் ஒரு பெரிய பை. அவனைப் பார்த்ததும் எழுந்த அழுகையைத் தாண்டி நேராகப் பெட்டிக்கு வந்தான். நான் டேப்பைக் கிழித்து மூடியைத் தூக்கினேன். முகம் முகமாகவே இருந்தது. தூங்குகிறவர்போல என்றுகூடச் சொல்லலாம். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? வாழ்நாளில் நான் பார்த்த வேலைகளிலேயே நல்ல வேலை அது என்று அந்தக் கணத்தில் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் அம்மாவின் கன்னத்தில் கையை வைத்தான். சட்டென்று எடுத்துக்கொண்டான். என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் கோபம் ஒன்றுமில்லை.

"ஏண்ணே இவ்ளோ ஜில்லுனு வெச்சிருக்கீங்க? எங்கம்மாவுக்குக் குளிரு ஆவாதே."

நான் வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கோமதி அப்போதுதான் உடைந்து அழுதாள். அவனுக்கு நான் என்ன சொல்வது? கரண்ட், மழை, தீக்குச்சி, ஐஸ், எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. இதற்கு இல்லை. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி யாராவது சொல்வார்கள். என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

குமரேசன் பையின் ஜிப்பைத் திறந்தான். கண்ணாடித்தாள் உறை பிரிக்காத கம்பளி ஒன்றை எடுத்தான். சிவப்பில் பெரிய ரோஜாப்பூ போட்டது.

"பொங்கலுக்குக் கொண்டாரலாம்னு வாங்கி வெச்சிருந்தேன்" என்றான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, உத்தரவு கேட்பது மாதிரி என்னைப் பார்த்தான்.

நான் ஐஸ் பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அவன் கம்பளியை அம்மாவின் கழுத்துவரை போர்த்திவிட்டான். கால் பக்கம் அவனுக்கு எட்டவில்லை. அதை நான் இழுத்துச் செருகிவிட்டேன்.